கண்ணாடி வீட்டுக்குள் கண்ணாடிப் பூ: கியூ தோட்டத்தில் சிஹுலி, 2019

லண்டனின் மேற்குப் பகுதியில், தேம்ஸ் கரையில் இருக்கும் கியூ தாவரவியல் தோட்டத்தில் ‘பாம் ஹவுஸ்’ என்ற கண்ணாடி வீடு 1848-இல் கட்டி முடிந்தபோது, அதன் கண்ணாடிகளெல்லாம் பச்சையாக இருந்தன. உள்ளே வளரும் பனைகளையும் பெரணிகளையும் வெயில் கருக்கிவிடும் என்று அப்போது அஞ்சினார்கள். ராபர்ட் ஹன்ட் என்ற அறிஞரின் யோசனைப்படி, கண்ணாடியில் தாமிர ஆக்சைடு கலந்து நிறமேற்றினார்கள். பிறகு லண்டனின் நிலக்கரிப் புகையே வெளிச்சத்தை மறைக்கத் தொடங்கியது. செடிகளுக்கு ஒளி போதவில்லை. 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பச்சைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிறமற்ற கண்ணாடியைப் பொருத்தினார்கள்.

பாம் ஹவுஸ் கட்டி முடிந்து 171 ஆண்டுகள் கழித்து, 2019 ஏப்ரல் 13 முதல் அக்டோபர் 27 வரை, அதே தோட்டத்தில் அமெரிக்கக் கண்ணாடிக் கலைஞர் டேல் சிஹுலியின் சிற்பங்கள் வைக்கப்பட்டன. ‘இயற்கையைப் பற்றிய பிரதிபலிப்புகள்’ என்ற பொருள் தரும் தலைப்பு. புல்வெளியில், குளத்தருகே, கண்ணாடி வீடுகளுக்குள் என்று தோட்டம் முழுக்கச் சிதறி நின்ற அந்தக் கண்காட்சியைப் பற்றி யாரும் கேட்கக்கூடிய முதல் கேள்வி ஒன்று உண்டு. உயிருள்ள அரிய செடிகளைக் காப்பதற்கென்றே இருக்கும் இடத்தில் உயிரற்ற கண்ணாடிப் பூவுக்கு என்ன வேலை?

நியாயமான கேள்விதான். ஆனால் கண்ணாடி கியூவுக்கு வெளியாள் என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. கியூவின் வரலாற்றில் பாதி கண்ணாடியின் வரலாறு. 2019 கண்காட்சி எங்கே வென்றது, எங்கே வெறும் அலங்காரமாக நின்றது என்பதற்கான விடையும் அந்த வரலாற்றில்தான் இருப்பதாக நான் நினைக்கிறேன்.

இரண்டு எஸ்டேட்டுகள், ஒரு தோட்டம்

இன்று கியூ என்று நாம் சொல்லும் ஏறத்தாழ 130 ஹெக்டேர் நிலம் 18-ஆம் நூற்றாண்டில் அரச குடும்பத்தின் இரு தனி எஸ்டேட்டுகளாக இருந்தது. ஆற்றை ஒட்டிய ரிச்மண்ட் எஸ்டேட் இரண்டாம் ஜார்ஜ் மன்னருக்கும் அரசி கரோலினுக்கும் உரியது. அதை அடுத்த கியூ எஸ்டேட்டில் அவர்களுடைய மகன் இளவரசர் ஃபிரெடரிக்கும் மருமகள் அகஸ்டாவும் இருந்தார்கள். கணவர் இறந்தபின் 1759-இல் அகஸ்டா தொடங்கிய சிறு மூலிகை, செடித் தோட்டம்தான் இன்றைய கியூவின் வித்து. பகோடா எனப்படும் பத்து அடுக்குச் சீன பாணிக் கோபுரத்தை வில்லியம் சேம்பர்ஸ் 1762-இல் கட்டி முடித்தார். பின்னால் மூன்றாம் ஜார்ஜ் இரண்டு நிலங்களுக்கும் உரிமையாளரானார். நடுவே ஓடிய பொதுவழி மூடப்பட்டு 1802-இல் இரண்டும் ஒன்றாயின. 1840-இல் தோட்டம் அரசின் கைக்கு வந்தது. மறு ஆண்டு வில்லியம் ஹூக்கர் இயக்குநரானார். 2003-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

தமிழ் வாசகருக்கு இந்த இடம் முற்றிலும் அந்நியமல்ல. 1848-இல் உதகமண்டலம் தாவரவியல் பூங்காவை அமைக்க வந்த வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் கியூவில் பணிபுரிந்தவர். ஊட்டிப் பூங்காவின் சரிவுகளையும் கண்ணாடிக் கூடத்தையும் பார்த்தவர்களுக்கு கியூவின் சாயல் எங்கேயோ பழகியதுபோலத் தெரியும்.

ஹூக்கர் காலத்தில்தான் கண்ணாடி இங்கே பெரிய அளவில் வந்தது. பிரிட்டனில் கண்ணாடிக்கு எடைப்படி வரி இருந்த காலம் அது. 1845-இல் அந்த வரி நீக்கப்பட்டது. அப்போது பாம் ஹவுஸ் கட்டுமானம் நடந்துகொண்டிருந்தது. கட்டடக் கலைஞர் டெசிமஸ் பர்ட்டனும் டப்ளினைச் சேர்ந்த இரும்பு வார்ப்பாளர் ரிச்சர்ட் டர்னரும் கப்பல் கட்டும் முறையை இரவல் வாங்கி, இரும்பு விலா எலும்புகளை வளைத்து, அவற்றின் மேல் சுமார் 16,000 கண்ணாடித் தகடுகளைப் பொருத்தினார்கள். கவிழ்த்து வைத்த கப்பலைப் போல அந்த வீடு இன்றும் நிற்கிறது. 1852-இல் ராட்சத அல்லிக்காக வாட்டர்லில்லி ஹவுஸ். 1860-இல் தொடங்கி, இடையில் பணமின்றி நின்று, நூற்றாண்டின் கடைசியில்தான் முடிந்த, மிதவெப்பப் பகுதிச் செடிகளுக்கான டெம்பரேட் ஹவுஸ். விக்டோரியா காலத்துக் கண்ணாடி வீடுகளில் இன்று எஞ்சியிருப்பவற்றில் இதுவே மிகப் பெரியது.

கண்ணாடியோடு வாழ்வதன் ஆபத்தையும் கியூ அறியும். 1879 ஆகஸ்டில் ஒரே ஒரு ஆலங்கட்டி மழையில் இங்கே 38,000-க்கும் மேற்பட்ட கண்ணாடித் தகடுகள் நொறுங்கின. இந்த நிலத்தில் திறந்தவெளியில் கண்ணாடிச் சிற்பம் வைக்கச் சம்மதிப்பவர்களுக்கு அந்தக் கணக்கு தெரியாமல் இருக்காது.

கண்ணை இழந்து பல கைகளைப் பெற்றவர்

சிஹுலி 1941-இல் அமெரிக்காவின் டகோமா நகரில் பிறந்தவர். தாயாரின் பூந்தோட்டத்தைத் தன் நிறங்களின் ஊற்றாகச் சொல்பவர். 1960-களில், தொழிற்சாலைக்கு வெளியே தனி மனிதர் தன் பட்டறையில் கண்ணாடி ஊதிக் கலை செய்யலாம் என்ற இயக்கம் அமெரிக்காவில் வளர்ந்தது. அதன் முன்னோடி ஹார்வி லிட்டில்டனிடம் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் படித்தார். 1968-இல் ஃபுல்பிரைட் உதவித்தொகையுடன் வெனிஸ் அருகே முரானோ தீவின் வெனினி தொழிற்சாலைக்குப் போனது அவருடைய பாதையைத் திருப்பிவிட்டது. அங்கே ஒரு தலைமை ஆசானைச் சுற்றிப் பலர் நின்று, சொல்லாமலே ஒருவர் கையறிந்து மற்றவர் நகர்ந்து, ஒரே பொருளைச் செய்வதைக் கண்டார். 1971-இல் சியாட்டிலுக்கு வடக்கே பில்சக் கண்ணாடிப் பள்ளியைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர்.

1976-இல் இங்கிலாந்தில் நடந்த கார் விபத்தில் முன்கண்ணாடியைப் பிளந்துகொண்டு வெளியே வீசப்பட்டார். இடக்கண் பார்வை போயிற்று. 1979-இல் கடலலையில் விளையாடும்போது தோள்பட்டை விலகியது. ஒற்றைக் கண்ணுக்குத் தூரமும் ஆழமும் பிடிபடாது. 1,000 டிகிரி வெப்பத்தில் சொட்டும் கண்ணாடியோடு வேலை செய்பவருக்கு அது பெரிய குறை. அதற்குப் பிறகு ஊதுகுழலைப் பிறரிடம் கொடுத்துவிட்டார். தரையில் பெரிய தாள்களை விரித்து வண்ணத்தைக் கொட்டிக் கோடிழுத்துக் காட்டுவார். குழு அதைக் கண்ணாடியாக்கும். ஒரு மனிதர் ஊதக்கூடிய அளவைத் தாண்டி, ஆயிரம் துண்டுகளைக் கோத்த பிரம்மாண்டங்கள் பிறந்தது இந்த ஏற்பாட்டால்தான்.

குழுவில் இருந்த கைகளுக்கு எவ்வளவு பங்கு என்ற கேள்வியும் இதிலிருந்துதான் பிறந்தது. தன்னையும் படைப்பாளியாக ஏற்க வேண்டும் என்று 2017-இல் ஒருவர் வழக்குப் போட்டார். கியூ கண்காட்சி நடந்துகொண்டிருந்த 2019-இல் அமெரிக்க நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. சட்டம் அப்படிச் சொன்னது சரிதான். ஆனாலும் இவ்வளவு பெரிய கூட்டு உழைப்பில் ஒற்றைப் பெயர் மட்டும் பலகையில் நிற்பது எனக்கு உறுத்துகிறது. கோயில் சிற்பிகளின் பெயர் தெரியாமலே போன மரபிலிருந்து வருகிறவன் என்பதால் இந்த உறுத்தல் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது.

வெளியில் நிற்கும் கண்ணாடி எப்படி நிற்கிறது

மணல், சோடா, சுண்ணாம்பு. இவைதான் அடிப்படை. மணல் தனியாக உருக ஏறத்தாழ 1,700 டிகிரி செல்சியஸ் வேண்டும். சோடா சேர்த்தால் அந்த வெப்பம் வெகுவாக இறங்குகிறது. சுண்ணாம்பு இல்லாவிட்டால் கண்ணாடி தண்ணீரில் மெல்லக் கரையத் தொடங்கும். நிறத்துக்கு உலோகங்கள். கோபால்ட் நீலம் தரும். தாமிரம் பச்சையும் பசுநீலமும் தரும். தங்கம், நம்ப முடியாவிட்டாலும், சிவப்பைத் தரும். நியோடிமியம் என்ற அரிய மண் உலோகம் சேர்த்த கண்ணாடி பகல் வெளிச்சத்தில் ஊதாவாகவும் குழல்விளக்கின் கீழ் நீலம் கலந்தும் தோன்றும். சிஹுலியின் ஊதா நிறக் கண்ணாடி நாணல்களுக்கு இந்த உலோகத்தின் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது. கியூவிலும் அவை நின்றன. வெளிச்சத்தின் வகை மாறும்போது இந்தக் கண்ணாடியின் நிறம் மாறுவது மாயமல்ல, வேதியியல்.

உலையிலிருந்து ஊதுகுழல் நுனியில் கண்ணாடியைத் தேன்போல் சுற்றி எடுப்பார்கள். குழலைச் சுழற்றுவதை ஒரு கணமும் நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் தன் எடையாலேயே ஒரு பக்கம் தொங்கிவிடும். ஊதி, மறுபடி சூடேற்றி, மறுபடி ஊதி உருவம் வந்தபின் குழலிலிருந்து தட்டி எடுக்கிறார்கள். அத்தோடு முடியவில்லை. அப்படியே மேசையில் வைத்தால் வெளிப்புறம் முதலில் ஆறிச் சுருங்கும், உட்புறம் சூடாகவே இருக்கும். சூடான காபியை ஊற்றியதும் கண்ணாடி டம்ளர் டப்பென்று விரிசல் விடுவதற்கும் காரணம் இதே இழுபறிதான். ஆகவே சுமார் 500 டிகிரியில் இருக்கும் தனிச் சூளையில் வைத்துப் பல மணி நேரம், தடித்த துண்டுகளானால் நாட்கணக்கில், மெல்ல மெல்ல ஆறவிடுகிறார்கள். இப்படி நிதானமாக ஆறிய கண்ணாடி மழையையும் வெயிலையும் பனியையும் தாங்கும். அவசரமாக ஆறியது, யாரும் தொடாமலே ஒருநாள் உடையும்.

பெரிய சிற்பங்களுக்கு உள்ளே எஃகுச் சட்டகம் உண்டு. கொம்பு, சுருள், குமிழ் என்று தனித்தனியே ஊதிய நூற்றுக்கணக்கான துண்டுகளை இடத்துக்குக் கொண்டுவந்து, சட்டகத்தின் கம்பிகளில் ஒவ்வொன்றாகச் செருகிக் கட்டுகிறார்கள். கீழிருந்து மேலாக, பூத்தொடுப்பது போன்ற வேலை. ஒரு துண்டு உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம். வெளித்தோட்டக் கண்காட்சிகள் மாதக்கணக்கில் நீடிக்க முடிவது இந்த எளிய ஏற்பாட்டினால்தான்.

எங்கே பேசியது, எங்கே பேசவில்லை

கியூவில் சிஹுலிக்கு இது முதல்முறை அல்ல. 2005 மே முதல் 2006 ஜனவரி வரை ‘கண்ணாடித் தோட்டங்கள்’ என்ற பெயரில் இங்கே ஒரு கண்காட்சி நடந்திருக்கிறது. 14 ஆண்டுகள் கழித்து அவர் திரும்பியபோது ஒரு புதிய சூழ்நிலை அமைந்திருந்தது. 2013-இல் மூடப்பட்ட டெம்பரேட் ஹவுஸ் 4.1 கோடி பவுண்டு செலவில் புதுப்பிக்கப்பட்டு 2018 மே மாதம்தான் திறந்திருந்தது. 15,000 கண்ணாடித் தகடுகளை மாற்றி, செடிகளை வெளியே எடுத்து, 1,500 வகைகளில் 10,000 செடிகளை மறுபடி நட்டிருந்தார்கள். இளம் செடிகள். கூரையோ மிக உயரத்தில். நடுவே பெரிய வெற்றிடம்.

அந்த வெற்றிடத்துக்காகவே சிஹுலி புதிதாக ஒன்று செய்தார். மடிப்பும் சுருக்கமுமாக விரிந்த கண்ணாடிக் கிண்ணங்களுக்கு அவர் 1980-களிலிருந்து ‘பெர்ஷியன்ஸ்’ என்று பெயரிட்டிருக்கிறார். அவற்றைக் கொத்தாகக் கோத்துக் கூரையிலிருந்து தொங்கவிட்டார்கள். கண்காட்சியில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். செடிகள் அந்த உயரத்தை எட்டப் பல ஆண்டுகளாகும். அதுவரை காலியாக இருக்கும் காற்றை இது ஒரு பருவத்துக்கு நிரப்பியது, எந்தச் செடியின் இடத்தையும் பிடுங்காமல். அண்ணாந்து பார்த்தால் விக்டோரியா காலத்து இரும்பும், புதுக் கண்ணாடிக் கூரையும், அதற்குக் கீழே நிறமேறிய கண்ணாடியும் ஒரே பார்வையில் அடுக்கடுக்காக விழும். தட்டையான கண்ணாடி வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. வளைந்த கண்ணாடி அதைப் பிடித்து வைக்கிறது. ஒரே பொருள், இரு வேலை.

அதே வீட்டில்தான் வூட்ஸ் சைக்கட் என்னும் மரம் இருக்கிறது. 1895-இல் தென்னாப்பிரிக்காவில் ஒரே ஒரு ஆண் மரமாகக் கண்டெடுக்கப்பட்டது. உலகெங்கும் இருப்பவை அதன் கன்றுகளே. பெண் மரம் இன்றுவரை கிடைக்கவில்லை. மேலே மின்னும் கண்ணாடிக்குக் கீழே இந்த மரத்தைக் கவனிக்காமல் கடந்தவர்கள் இருந்திருப்பார்கள். கண்ணாடிக்காக வந்து மரத்தைப் பார்த்தவர்களும் இருந்திருப்பார்கள். எவர் அதிகம் என்று எண்ண வழியில்லை. ஆனால் ஒரு தாவரவியல் தோட்டம் கலைக் கண்காட்சி வைக்கும்போது அதன் மனச்சாட்சி இந்த இடத்தில்தான் சோதிக்கப்படுகிறது.

வாட்டர்லில்லி ஹவுஸ் சிறிய சதுரக் கட்டடம். உள்ளே வட்டக் குளம். காற்று வெதுவெதுப்பாக, கனமாக இருக்கும். அங்கே அல்லிகளுக்கிடையே வெண்ணிறப் பெர்ஷியன்களைத் தண்டுகளில் நிறுத்தினார்கள். மற்ற இடங்களில் நிறத்தை வாரி இறைத்த சிஹுலி இங்கே வெள்ளையோடு நிறுத்திக்கொண்டது பெரிய முடிவு. அல்லி இலையின் பச்சையோடு கண்ணாடி போட்டியிடவில்லை. கறுத்த நீரில் இரண்டின் நிழலும் கலந்துபோனது. பிரதிபலிப்பு என்ற தலைப்புக்கு முழுத் தகுதி பெற்ற இடம் இது ஒன்றுதான் என்பேன்.

ஜப்பானியத் தோட்டப் பகுதியில் வண்ண உருண்டைகள் கிடந்தன. 1910-இல் லண்டனில் நடந்த ஜப்பான்-பிரிட்டன் பொருட்காட்சிக்காகச் செய்யப்பட்ட சொக்குஷிமோன் வாயில் நிற்கும் இடம் அது. கியோட்டோவின் நிஷி ஹொங்கான்ஜி கோயில் வாயிலை ஐந்தில் நான்கு அளவில் செய்தது. சிஹுலியின் அந்த உருண்டைகளுக்கு ‘நீஜிமா’ என்ற ஜப்பானியத் தீவின் பெயர். ஜப்பானிய மீனவர்களின் வலையிலிருந்து அறுந்த கண்ணாடி மிதவைகள் பசிபிக்கைக் கடந்து அமெரிக்கக் கரையில் ஒதுங்கும். சிறுவயதில் அவர் அவற்றைப் பார்த்திருக்கிறார். ஏறத்தாழ ஒரு மீட்டர் விட்டம் வரை ஊதப்படும் இந்த உருண்டைகள் கடல் கடந்த ஒரு நினைவு. வாரிவிட்ட சரளைக்கும் பாறைக்கும் பக்கத்தில் அவை அமைதியாக இருந்தன. இடமும் பொருளும் ஒன்றையொன்று அறிந்திருந்தன.

பாம் ஹவுஸ் குளத்தருகே ‘கோடைச் சூரியன்’. மஞ்சளும் சிவப்பும் ஆரஞ்சுமாக ஆயிரத்துக்கு மேற்பட்ட சுருள்கள் ஒரு பந்தாக வெடித்து நிற்கும் சிற்பம். அதிகம் படமெடுக்கப்பட்டவற்றில் இதுவும் ஒன்று. பின்னணியில் பாம் ஹவுஸின் வளைவு இருந்ததால் இது பிழைத்தது. ஒருகாலத்தில் பச்சையாக இருந்த கண்ணாடிக்கு முன்னால் இந்த நிறம் நிற்பதில் ஒரு பொருத்தம் இருந்தது. ஆனால் அந்தப் பச்சையின் கதையைப் பார்வையாளருக்கு அந்த இடத்திலேயே பெரிதாகச் சொல்லியிருக்க வேண்டும். நானாக இருந்தால் சிற்பத்தின் பெயர்ப் பலகையைவிட அதற்கே பெரிய பலகை வைத்திருப்பேன்.

விக்டோரியா வாயிலருகே நின்ற நீல நட்சத்திரமும், புல்வெளிகளில் நின்ற சில கோபுரங்களும் என்னை அசைக்கவில்லை. அவை அழகானவை. ஆனால் வேறு எந்த ஊர்த் தோட்டத்திலும், ஏன், ஓர் ஓட்டல் முகப்பிலும் அதே அழகோடு நிற்கக்கூடியவை. கியூவுக்கென்று அவற்றிடம் எதுவும் இல்லை. நூற்றாண்டு தாண்டிய மரத்தின் பக்கத்தில் எது நின்றாலும் அதற்கு அந்த மரத்தோடு ஏதேனும் பேச்சு இருக்க வேண்டும்.

செடியைப் போலச் செய்வதா?

கண்ணாடியில் பூ என்றதும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தொகுப்பு நினைவுக்கு வரும். லியோபோல்ட் பிளாஷ்கா, ருடால்ஃப் பிளாஷ்கா என்ற தந்தையும் மகனும் ஜெர்மனியில் இருந்தபடி 1887 முதல் 1936 வரை 4,000-க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் செய்து அனுப்பினார்கள். மகரந்தத் துகள்வரை பிசகாத அவை மாணவருக்குத் தாவரவியல் கற்பிக்கச் செய்யப்பட்டவை. அங்கே கண்ணாடி செடிக்குப் பணிவிடை செய்கிறது.

சிஹுலி அப்படிச் செய்யவில்லை. அவருடைய நாணல் எந்த நாணலும் அல்ல. ‘கடல் வடிவங்கள்’ எந்தச் சிப்பியும் அல்ல. ஷெர்லி ஷெர்வுட் கூடத்தில் அவற்றோடு நிறமே இல்லாத ‘ரோட்டோலோ’ சுருள்களும் வைக்கப்பட்டன. உருகிய கண்ணாடியைச் சுருள் சுருளாக வளைத்து உறையவைத்த வடிவங்கள். தாவரத் துல்லியத்துக்கென்றே கட்டப்பட்ட ஓவியக்கூடத்தில் இவற்றை வைத்தது துணிச்சல். ஒரு கொடியின் சுருளும் கண்ணாடியின் சுருளும் வெவ்வேறு காரணங்களால் ஒரே வளைவுக்கு வந்து சேர்வதை அங்கே பார்க்க முடிந்தது.

பணத்தையும் பேசியாக வேண்டும். கியூ நுழைவுக் கட்டணம் வாங்கும் தோட்டம். அரசு தருவது அதன் செலவில் ஒரு பகுதிக்குத்தான் ஆகும். விதை வங்கியும் உலர்தாவரத் தொகுப்பும் ஆய்வகமும் கூட்டத்தை ஈர்ப்பவை அல்ல. கூட்டத்தை ஈர்ப்பவை அவற்றைக் காக்கின்றன. மாலை நேரங்களில் சிற்பங்களுக்கு விளக்கேற்றித் தனியாகச் சீட்டு விற்றதும் இந்தக் கணக்கில்தான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பது என் கருத்து.

அக்டோபர் 27-க்குப் பிறகு சிற்பங்களைக் கழற்றினார்கள். கட்டியதற்கு எதிர் வரிசையில், மேலிருந்து கீழாக, ஒவ்வொரு துண்டாக, பெட்டிக்குள். வாட்டர்லில்லி ஹவுஸ் குளிர்காலத்துக்கு மூடப்படும் வீடு. ஆளையே தாங்குமளவு பெரிய இலை விடும் விக்டோரியா அல்லி அங்கே ஓராண்டுச் செடியாகவே வளர்க்கப்படுகிறது. இலையுதிர் காலத்தில் மடிந்துவிடும். அதன் விதைகளை உலரவிடாமல் தண்ணீரிலேயே வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றும் ஒரு பட்டாணி அளவு. ஆண்டின் தொடக்கத்தில் அவற்றை எடுத்து மறுபடி விதைப்பார்கள்.